ஐந்தாவது பிரதி

ருஸே துறைமுகத்தில் இருந்த எங்கள் பழைய அறைக்குள்
தன்யூப் ஆறு வந்தது ஒரே ஒரு தடவை.
எழுபத்தாறில், பனி உருகிய மார்ச்சில்,
உறுப்பினர் அட்டை இல்லாமல்.
போகும்போது மூன்றாண்டுக் குறிப்பேடுகளை
இரவல் கேட்காமல் எடுத்துப் போய்விட்டது.

இப்போது பல் மருத்துவமனையின் நிலவறை.
வியாழன்தோறும் ஆறரைக்கு நான்தான் கதவைத் திறக்கிறேன்:
செயலாளர், ராதொஸ்தினா.
மேலே துளைபோடும் கருவி ஓய்ந்த பிறகுதான்
கீழே நாங்கள் வேறு கோள்களுக்குக் கிளம்புவோம்.
இரண்டு அலமாரி, ஒரு மின்கெண்டி,
அறுபத்தெட்டில் தொடங்கிய ஒரு சங்கம்.
சான்றிதழில் 'இளம் ரேடியோ வல்லுநர் வட்டம்'.
கற்பனைக்கு அன்று முத்திரை குத்த மாட்டார்கள்.
ஒரு ரேடியோவைக்கூட நாங்கள் திருகிப் பார்த்ததில்லை.

வருகைப் பதிவில் கடைசியாக ஒரு வரி,
முதல் கூட்டத்தில் யாரோ விளையாட்டாய்ச் சேர்த்தது:
'பிற உலகத்தார்: எவருமில்லை.'
ஐம்பத்தாறு ஆண்டாக யாரும் அதை நீக்கவில்லை.
நானும் எழுதுகிறேன்,
பக்கத்தில் ஒரு பெயருக்கு இடம் விட்டு.

எனக்குப் பிடித்த பக்கம், தொண்ணூற்றேழு பிப்ரவரி.
ரொட்டிக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.
'வந்தவர்: எவ்ஸ்தாதி.
கோரம் இல்லை.
விவாதம்: இரண்டு மணி நேரம்.
முடிவு எட்டப்படவில்லை.'

சென்ற இலையுதிர் காலத்தில்
தகப்பனின் கோப்பைத் தேடி சோபியா போன கலோயான்
எங்கள் கோப்போடு திரும்பி வந்தான்.
நூற்றுப் பதினொரு அறிக்கைகள்.
அனுப்பியவர்: 'வால்மீன்'.

ஆறு கொண்டுபோன மூன்றாண்டும் அதில் இருந்தன,
நனையாமல்.
யார் எந்த நாற்காலியில்,
ப்ளம் சாராயம் யார் வீட்டிலிருந்து,
எந்தச் சிரிப்புக்கு யார் சிரிக்கவில்லை.
நெதெல்யா தன் கதையைப் படித்தபோது
தொண்டை அடைத்த இடத்தில்
'(நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.)'
அந்தக் கதைக்காகத்தான்
அவளைப் பள்ளியிலிருந்து சர்க்கரை ஆலைக்கு மாற்றினார்கள்.

இணைப்பில் கதையே இருந்தது.
அந்நாளில் ஐந்து தாள் அடுக்கித் தட்டச்சு செய்வார்களாம்.
நான்கு பிரதிகள் கைமாறிக் கைமாறிப் பொடிந்து போயின.
விடிகாலை விண்மீனைப் போல வெளிறிய ஐந்தாவது
எங்கே போகிறது என்று எவரும் கேட்கவில்லை.
அதை யார் படிப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அறுபத்து நான்காம் அறிக்கை:
'அரசுக்கு எதிராக எதுவும் பேசப்படவில்லை.
ஆனால் கதையில் வரும் கலத்துக்கு எரிபொருள் போதாது.
கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.'
ஒன்றரைப் பக்கத்துக்கு வர்க்கமூலங்கள்.
ஓரத்தில் அதிகாரியின் சிவப்புப் பென்சில்:
'இது தேவையில்லை.'

எரித்துவிடலாம் என்றார்கள் மூன்று பேர்.
ஒருவன் கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்
இன்னும் திரும்பவில்லை; அவனுடைய கோப்பை
மூன்றாம் கொக்கியில் தொங்குகிறது.
நெதெல்யாவின் மகள் பிஸெர்கா மட்டும்
கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
'அம்மாவின் கதை வேறெங்கும் இல்லை.
பைண்டு பண்ணுங்கள்.
ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்று
நான் இருக்கும் அறையில் தேடாதீர்கள்.'

பைண்டு செய்தோம். பச்சைத் துணி அட்டை.
எழுபத்திரண்டுக்கும் எழுபத்தாறுக்கும் நடுவில்
அலமாரியில் முன்பே இருந்த இடைவெளியில்
சரியாகப் பொருந்தியது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று யோவான்னா புதுக்கதை படித்தாள்.
டிராலி பஸ் ஓட்டுகிறவள்;
அவள் கதையில் ஒரு நகரமே கம்பியைவிட்டுக் கழன்று
வியாழனை நோக்கிப் போகிறது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
லிண்டன் பூத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்த எவ்ஸ்தாதி
நிமிராமல் சொன்னார்:
'நல்ல கதை. எரிபொருள் போதாது.'

கெண்டி கொதித்து அடங்கும் சத்தம்.
பிஸெர்கா தன் கோப்பையைப் பார்த்தாள்,
பிறகு நீட்டினாள்.

'கணக்கு?' என்றாள் யோவான்னா, ஒன்றும் தெரியாதவள்.
'இணைக்கிறேன்' என்றார்.

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.
வந்தோர்: எட்டு.
கோரம் உண்டு.